இன்றேல், ஏன்?

பாராளுமன்ற ஹன்சாட்டில் வாய்மூல விடைக்கான வினாக்கள் பகுதியை வாசித்தவர்களுக்கு இந்த இரண்டு சொல்லும் பழகிப்போயிருக்கும். கேள்விகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வரும். இன்ன வைத்தியசாலையில் டொக்டர் இல்லை என்பதை அமைச்சர் அறிவாரா? நியமிக்க நடவடிக்கை எடுப்பாரா? எப்போது? பிறகு கடைசி வரியில், "இன்றேல், ஏன்?"

நாங்கள் கலைப்பீடத்து மூன்றாம் வருடக்காரர். ஒரு ஒப்படைக்காகத்தான் இதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினோம். அதற்கு முதல் எங்களுக்கும் பாராளுமன்றம் என்றால் போனில் வரும் ஒரு நிமிட வீடியோதான். எங்கட எம்பி எழும்பி நிற்பார், மைக் நிற்பாட்டப்படும், பின்னணியில் பாட்டு ஒன்று போகும். "கொடுத்தாரு பார்" என்று ஷெயார் பண்ணுவோம். அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று அந்த வீடியோக்களில் இருக்காது. நாங்களும் தேடவில்லை.

தேடினால் முதலில் மொழி தட்டும். ஹன்சாட்டில் கேள்வி மூன்று மொழியிலும் அச்சாகியிருக்கும். பதில் அமைச்சர் பேசிய மொழியில் மட்டும், அதாவது பெரும்பாலும் சிங்களத்தில். கேள்வியைத் தமிழில் வாசித்துவிட்டு, பதிலுக்கு விடுதியில் சிங்களம் தெரிந்த நண்பனைக் கூப்பிட்டோம். பல இடங்களில் பதிலே இல்லை. ஒன்றில் அமைச்சர் கால அவகாசம் கேட்கிறார், அல்லது "பதிலைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்று உட்காருகிறார். பதில் வந்த இடங்களில் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி இத்தனை, வெற்றிடம் இத்தனை என்று எண்கள் இருக்கும். "எப்போது" என்பதற்குத்தான் திகதி இராது.

இதைப் பற்றி நாங்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறோம் என்றால், எங்களில் ஒருத்தியின் அம்மம்மா. வன்னியில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் அவவுக்குப் பிரஷர், சீனி இரண்டுக்கும் கிளினிக். முதல் பஸ்ஸில் போய்க் கொப்பியை அடுக்கிவிட்டு வாங்கில் இருப்பா. பத்து மணிக்கு மேல் ஒருவர் வந்து, "இண்டைக்கு டொக்டர் வரமாட்டார் அம்மா, போன மாசத்து மருந்தையே எடுத்துக்கொண்டு போங்கோ" என்பார். அப்படி மூன்று மாதம் போனது. நாலாவது மாதம் கால் வீங்கி, டவுணுக்கு ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனார்கள். அங்கே ஏன் டொக்டர் இல்லை என்று அவள் கேட்டபோது, "அது கொழும்பு போடவேணும் பிள்ளை" என்றார்கள்.

சரி, கொழும்பைக் கேட்போம். இந்த மாதிரிக் கேள்விக்கு அமைச்சர்களிடம் எப்போதும் கைவசம் ஒரு பதில் உண்டு: "இவ்வைத்தியசாலை மாகாண சபையின் கீழ் வருவது." பொய்யில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் போக, மற்ற அரசாங்க வைத்தியசாலைகளை நடத்துவது மாகாணத்தின் வேலை. யாழ் போதனா வைத்தியசாலை மத்தியிடம், அம்மம்மாவின் வைத்தியசாலை மாகாணத்திடம்.

அப்படியானால் மாகாண சபையில் கேட்கலாம். சபை எங்கே? வடக்கு மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. கிழக்கு அதற்கும் ஒரு வருடம் முந்தி, 2017 செப்டெம்பரில். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது, அதோடு தேர்தல் நின்றது. கைதடியில் கட்டடம் இருக்கிறது. 38 உறுப்பினர் இருந்து கேள்வி கேட்ட மண்டபம் அது. இப்போது மாகாணத்தைப் பார்ப்பவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர். அவரை எழுப்பி நிறுத்தி "இன்றேல், ஏன்?" என்று கேட்க ஒரு உறுப்பினரும் இல்லை.

அந்தச் சபை இருந்த காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தீர்மானங்கள் குவிந்த அளவுக்கு நியதிச்சட்டங்கள் வரவில்லை. 2017இல் மாகாண அமைச்சர்கள் மீதான விசாரணையோடு சபையே இரண்டுபட்டது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடத்தில். ஆனாலும் அங்கே ஒரு சுகாதார அமைச்சர் இருந்தார். கேட்டால் அவர் அந்த மண்டபத்திலேயே, தமிழில், பதில் சொல்லவேண்டியிருந்தது. அம்மம்மாவுக்கு விளங்கும் மொழி அது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதைத்தான் எங்கட எம்பிமார் விட்டுவிடுகிறார்கள் என்பது எங்கள் ஆத்திரம். கட்டடம், வாங்கு, மருந்து அலுமாரி எல்லாம் மாகாணத்துடையதுதான். ஆனால் டொக்டர் மாகாணத்துடையவர் இல்லை. அவரை நியமிப்பதும் இடமாற்றுவதும் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சு. அதனால் "மாகாணத்தின் கீழ் வருவது" என்று அமைச்சர் உட்காரும்போது பாதிக் கேள்விக்குத்தான் பதில் வந்திருக்கிறது. கேட்டவருக்கு மூன்று மேலதிகக் கேள்விகள் கேட்கலாம். நாங்கள் வாசித்த பக்கங்களில், அந்த இடத்தில் பல எம்பிமார் இனப்பிரச்சினை பற்றி ஒரு சிறு உரை நிகழ்த்துகிறார்கள். சபாநாயகர் "கேள்வியைக் கேளுங்கள்" என்கிறார். நேரம் முடிகிறது. அந்த உரைதான் எங்களுக்கு வீடியோவாக வருகிறது. நாங்கள் அதற்கு லைக் போட்டிருக்கிறோம், மறைக்கவில்லை. உரிமைப் பிரச்சினை பேசவேண்டாம் என்று யார் சொன்னது? மாகாண சபைத் தேர்தலை நடத்தாமல் வைத்திருப்பது அந்தப் பிரச்சினையேதான். அதை அந்தக் கிளினிக் வாங்கிலிருந்து பேசினால் அமைச்சருக்கு நழுவ இடம் குறைவு.

ஒப்படை கொடுத்தாயிற்று. புள்ளி இன்னும் வரவில்லை. போன கிழமை எங்கள் மாவட்ட எம்பி ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். அவர் அந்த வைத்தியசாலை பற்றி எப்போதாவது கேட்டால், பிறகு கேட்பதற்கு மூன்று மேலதிகக் கேள்விகளையும் நாங்களே எழுதிக் கொடுத்தோம்:

அந்த வைத்தியசாலைக்குக் கடைசியாக ஒரு வைத்திய அதிகாரியை உங்கள் அமைச்சு நியமித்த திகதி என்ன?

அவர் அங்கிருந்து இடமாற்றம் பெற்றபோது, பதிலுக்கு ஆள் வராமல் அவரை விடுவித்தது யார்?

மாகாணத்தின் பொறுப்பு என்கிறீர்கள். அந்தப் பொறுப்பைப் பற்றிக் கேட்க மாகாணத்தில் ஒரு சபையை எப்போது தருவீர்கள்?

நாலாவதாக "இன்றேல், ஏன்?" என்றும் போட்டிருந்தோம். மூன்றுக்குத்தான் அனுமதி என்றபடியால் வெட்டிவிட்டோம். அம்மம்மாவின் அடுத்த கிளினிக் வியாழக்கிழமை.