புறா செய்த பாவம்

பக்கத்துத் தெருப் பெரியவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். வலது கையில் தோள் முதல் மணிக்கட்டு வரை காய்ந்த ரத்தம், ஈ மொய்க்கிறது. கட்டிலுக்கு அடியில் கூடை, கூடைக்குள் இன்னும் இரண்டு புறா. அறுத்த சூட்டோடு தேய்த்தால்தான் பலிக்குமாம். ஸ்கேன் எடுத்தீர்களா என்றேன். “வாதத்துக்கு இங்கிலீஷ் மருந்துல வைத்தியம் ஏது சார்?” என்றார் மருமகன், படித்தவர்.

ஏதா? எங்கள் தெருமுனை டீ மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். ஆற்றிக்கொண்டிருக்கும்போதே குவளை நழுவியது, பேச்சு குழறியது. கடைக்காரர் சோடா உடைக்கவில்லை, 108-ஐக் கூப்பிட்டார். அரசு மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்ததும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இன்று அதே வலது கையால்தான் டீ ஆற்றுகிறார். ஒரு புறாகூடச் சாகவில்லை.

அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. 1995-இல் வந்த அமெரிக்க ஆய்வு மூன்று மணி என்றது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு நாலரைக்கு நீட்டியது. பெரிய ரத்தக்குழாயில் அடைப்பென்றால் தொடை வழியே குழாய் விட்டுக் கட்டியையே இழுத்தெடுக்கிறார்கள். சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது முடியும். எது அடைப்பு, எது கசிவு என்பதை ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் அதே ஊசி எமன். பெரிய ரத்தக்குழாய் அடைத்துக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். புறா சந்தை எத்தனை மணிக்குத் திறக்கும்?

கோளாறு மண்டைக்குள், தேய்ப்பது முழங்கையில். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததற்கு வீட்டு பல்பைத் துடைக்கிற கதை. “தேய்ச்சு எழுந்து நடந்தவங்க இருக்காங்களே!” இருக்கிறார்கள். லேசான வாதம் சில வாரங்களில் தானே தெளிவதுண்டு. சிலருக்கு அடைப்பு நிமிடங்களில் விலகிவிடும், அது பெரிதாக வரப்போவதற்கு முன்னறிவிப்பு. பெயர் மட்டும் புறாவுக்கு.

புறாவை விடுங்கள். நலம் விசாரிக்க வருகிற கூட்டம் இன்னும் மோசம். விழுங்க முடியாதவர் வாயில் ஹார்லிக்ஸ் ஊற்றுவார்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். விழுந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். இதையெல்லாம் சொல்லித்தர வேண்டிய டாக்டர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பிசியோ’ என்று கிறுக்கிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். புறாக்காரர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார், வீட்டுக்காரம்மா அழுதால் சமாதானம் சொல்கிறார். சனம் யாரிடம் போகும்?

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீடு தேடியே ஆட்கள் வருகிறார்கள். “சும்மா கையை ஆட்டிட்டுப் போறாங்க” என்று நம்மவர்களுக்கு இளக்காரம். அந்த ஆட்டலில்தான் மூளை கையை மறுபடி கற்றுக்கொள்கிறது. டீ மாஸ்டர் ஊசியோடு நிற்கவில்லை. வீட்டில் குவளையில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றிப் பழகினார். பாதி லுங்கியில்தான் விழுந்தது, பெண்டாட்டி திட்டிக்கொண்டே துடைத்தார். இப்போது பிரஷர் மாத்திரை போடாமல் பாய்லர் பக்கம் போவதில்லை. நம் ஆட்களோ “இப்பதான் நல்லா இருக்கேனே” என்று பத்தாம் நாளே மாத்திரையை நிறுத்துகிறவர்கள்.

இத்தனையையும் அந்த டீக்கடை பெஞ்சிலேயே ஒருவரிடம் சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப இவருக்கு வந்தது வாதமா இருக்காது சார்” என்றார்.