டயர் சொல்லும் பொய்யை நம்பும் கம்ப்யூட்டர்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற ஆசாமிகளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. டாலரைத் தண்ணீராய்ச் செலவழித்து பார்க்க கெத்தாக நாலு டயர் மாட்டுவார்கள். மறுநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் சீறாமல், மூக்கடைத்தவன் மாதிரி திணறும். "அட, ஒண்ணுமில்லப்பா, டிராக்ஷன் கண்ட்ரோலை ஆஃப் பண்ணிட்டு ஓட்டு" என்று நாலு பேர் சொல்வார்கள். பொத்தானை அமுக்கினால் திணறல் நிஜமாகவே நின்றுவிடும். அத்தோடு சுபம் போட்டுவிடுவார்கள்.

எனக்கு இந்த சுபத்தில் நம்பிக்கை இல்லை. பிரச்சினை எங்கேயும் போகவில்லை, ஆக்சிலரேட்டரில் இருந்து பிரேக்குக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்கிறேன்: விளக்கு எரிகிற கார்க்காரனாவது கொடுத்துவைத்தவன். தப்பான டயர் போட்டும் விளக்கே எரியாத கார் ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் பயங்கரம். ஏன் என்று பார்ப்போம். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். ஓடிவிடாதீர்கள், வெறும் வகுத்தல்தான் :)

முதலில் இந்த டிராக்ஷன் கண்ட்ரோலுக்கு எப்படிக் கண் தெரிகிறது? உண்மையைச் சொன்னால் அதற்குக் கண்ணே கிடையாது. ரோட்டில் ஐஸ் இருக்கிறதா, மணல் இருக்கிறதா, எதுவும் தெரியாது. ஒவ்வொரு சக்கரத்தோடும் சேர்ந்து ஒரு பல்வளையம் சுற்றுகிறது. பக்கத்தில் ஒரு சென்சார் உட்கார்ந்து ஒரு நொடிக்கு எத்தனை பல் கடந்தது என்று எண்ணுகிறது. 1978-ல் பாஷ் கம்பெனி மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காருக்கு ஏபிஎஸ் கொடுத்ததில் இருந்து, 1995-ல் ஈஎஸ்பி வந்து, இன்றைய கார் வரைக்கும் அடிப்படை இந்தப் பல் எண்ணும் வேலைதான். பின்சக்கர இழுவை கார் என்றால், பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுகிறதா என்று பார்க்கும். ஆமாம் என்றால் 'பின்னால் வழுக்குகிறது' என்று முடிவு கட்டி, த்ராட்டிலை மூடும், தேவைப்பட்டால் பிரேக்கையும் பிடிக்கும்.

ஒரு அப்பாவும் குட்டிப் பையனும் கைகோத்துக் கடைத்தெருவுக்கு நடந்து போகிறார்கள். இருவரும் போகிற தூரம் ஒன்றே. ஆனால் அப்பா இரண்டு எட்டு வைத்தால் பையன் மூன்று எட்டு வைக்கிறான். காலடிச் சத்தத்தை மட்டும் கேட்கிற ஒருவருக்கு என்ன தோன்றும்? பையன் அப்பாவைத் தாண்டி ஓடுகிறான் என்றுதான். நம் கம்ப்யூட்டர் அந்த மாதிரி காலடி எண்ணுகிற ஆள். ஒரு எட்டு எவ்வளவு நீளம் என்பதைத் தொழிற்சாலையிலேயே அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நாம் டயரை மாற்றும்போது எட்டின் நீளத்தை மாற்றிவிட்டு, அதை கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இதற்கு அமெரிக்காவின் செவர்லே கார்வெட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1997 முதல் 2004 வரை வந்த சி5 மாடலில் முன்னால் 245/45 ஆர்17, பின்னால் 275/40 ஆர்18. முதல் எண் மி.மீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம், மூன்றாவது ரிம்மின் அங்குலம். கூட்டிப் பார்த்தால் முன்டயர் விட்டம் 652 மி.மீ., பின்டயர் 677 மி.மீ. பின்டயர் 3.8 சதவீதம் பெரியது. அதாவது சும்மா உருண்டு போகும்போதே பின்சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதை வைத்துத்தான் மற்ற கணக்கெல்லாம். (இன்றைய சி8-ல் இந்த வித்தியாசம் 5.6 சதவீதம் வரை போய்விட்டது.)

இப்போது ஒருவர் பின்னால் 275/40-க்குப் பதில் 275/35 போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் அதேதான், ரிம்மும் அதேதான், ஒரே ஒரு எண் மட்டும் 5 குறைந்திருக்கிறது. பார்வைக்கு இன்னும் ஒல்லியான பக்கச்சுவர், சூப்பர் லுக்! விட்டம்? 650 மி.மீ. இப்போது பின்டயர் முன்டயரைவிடக் கடுகளவு சின்னது. 3.8 சதவீதம் மெதுவாகச் சுற்ற வேண்டிய சக்கரம் 0.4 சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. கம்ப்யூட்டரின் கண்ணில் இந்தக் கார் நேர் ரோட்டில், காய்ந்த தாரில், எந்நேரமும் 4.2 சதவீதம் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. காய்ந்த ரோட்டில் டயர் தன் முழுப் பிடியைக் கொடுப்பதே 10 முதல் 15 சதவீத வழுக்கலில்தான். அதில் 4 சதவீதத்துக்கு மேல் பொய்யாகவே போய்விட்டால், கம்ப்யூட்டர் சும்மா இருக்குமா? பாவம், அது தன் கடமையைச் செய்கிறது. நாம் அதைத் திட்டுகிறோம்.

இதுவரை சொன்னது எரிச்சல் மட்டும்தான், ஆபத்து இல்லை. பவர் குறையும், அவ்வளவுதான்.

இப்போது திருப்பிப் போடுங்கள். அதே காரில் பின்னால் 285/40 போடுகிறார். "கொஞ்சம் அகலம் கூடினால் பிடி கூடும்தானே?" என்பது அவர் நியாயம். ஆனால் பக்கச்சுவர் அகலத்தின் சதவீதம் என்பதால், அகலம் கூடினால் உயரமும் கூடும். விட்டம் 685 மி.மீ. ஆகிவிட்டது, 1.2 சதவீதம் அதிகம். பின்சக்கரம் எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் சுற்றுகிறது. விளக்கு எரியுமா? பெரும்பாலும் எரியாது. கார் திணறுமா? திணறாது, இன்னும் ஜம்மென்று போகிற மாதிரிகூட இருக்கும். ஏனென்றால் பின்சக்கரம் உண்மையிலேயே 5 சதவீதம் வழுக்கும்போது கம்ப்யூட்டருக்கு 3.8 சதவீதமாகத்தான் தெரிகிறது. காவல்காரர் கொஞ்சம் தாமதமாக எழுந்திருப்பார். 1.2 சதவீதம் என்பது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். காய்ந்த நேர் ரோட்டில் இல்லைதான். மழையில், வளைவில், 350 குதிரைசக்தி பின்சக்கரத்தில் இறங்கும்போது அந்தத் தாமதம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. இதில் யாரும் எதையும் புகார் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை. எரிகிற விளக்கைப் பற்றித்தான் பேச்சு முழுக்க.

சரி, அந்த 275/35 ஆசாமிக்கு வருவோம். பொத்தானை அமுக்கி டிராக்ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டார். ஆனால் அதே நாலு சென்சார்தான் ஏபிஎஸ்-க்கும் கணக்கு கொடுக்கிறது, அந்தப் பொத்தானுக்கு ஏபிஎஸ் அணையாது. பிரேக் பிடிக்கும்போது பொய்யின் திசை தலைகீழாகிறது, கவனியுங்கள். காரின் உண்மையான வேகம் ஏபிஎஸ்-க்கு நேராகத் தெரியாது. பொதுவாக வேகமாகச் சுற்றுகிற சக்கரத்தை வைத்து ஊகிக்கும். பின்சக்கரம் 4 சதவீதம் வேகமாகத் தெரிகிறதல்லவா? அதைக் காரின் வேகம் என்று எடுத்துக்கொண்டால், ஒழுங்காக உருளும் முன்சக்கரமே 4 சதவீதம் வழுக்குவதாகப் படும். முன்பிரேக்கை ஏபிஎஸ் சீக்கிரமே தளர்த்த ஆரம்பிக்கும், கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். பின்னால் நடப்பது இன்னும் மோசம். பின்சக்கரம் நிஜமாகவே 4 சதவீதம் வழுக்கிய பிறகுதான் கம்ப்யூட்டர் கணக்கில் அது முன்சக்கரத்தோடு சமமாகவே ஆகிறது. முன்-பின் பிரேக் பங்கை எலக்ட்ரானிக்காகப் பிரிக்கிற கார்களில், "பின்பக்கம் இன்னும் இடமிருக்கிறதே" என்று அது அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டுவைக்கும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் வாலைச் சுழற்றும் என்பது சைக்கிள் ஓட்டியவர்களுக்கே தெரியும்.

ஆக, தொல்லை கொடுத்த பாதியை அணைத்துவிட்டு, உயிர் காக்கிற பாதியைப் பொய்க் கணக்கோடு ஓட விடுகிறோம்.

"3 சதவீதம் வரை பரவாயில்லை" என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. டயர் பற்றிப் பேசுகிற எல்லோரும் வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். அந்த விதியைப் பெரும்பாலும் ஸ்பீடாமீட்டர் தப்பை வைத்துத்தான் நியாயப்படுத்துகிறார்கள். நாலு டயரும் சேர்ந்து 3 சதவீதம் மாறினால் சரி, ஸ்பீடாமீட்டர் கொஞ்சம் தப்பு காட்டும், டிராக்ஷன் கண்ட்ரோல் பார்க்கிற முன்-பின் விகிதம் அப்படியே இருக்கும். பின்னால் மட்டும் 3 சதவீதம் மாற்றினால் அது வேறு கதை. ஒரு அச்சை மட்டும் மாற்றுகிறவரிடம் இந்த விதியைச் சொல்வது, காய்ச்சல் மாத்திரையைக் கால் உடைந்தவனுக்குக் கொடுப்பது மாதிரி.

அகலத்தில் தப்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிஎம்டபிள்யூ இ46 எம்3 காரில் முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 ஆர்18. அகலம் 30 மி.மீ. வித்தியாசம், விட்டமோ 660-ம் 661-ம். கிட்டத்தட்ட ஒன்று. ரிம் பெரிதானாலும் தப்பில்லை. சி5 முன்னால் 17 அங்குலத்துக்குப் பதில் 18 அங்குல ரிம்மில் 245/40 போட்டால் விட்டம் 1 மி.மீ. கூட மாறாது. கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவுமே பிரச்சினை இல்லை, தெரியாத ஒன்றுதான் பிரச்சினை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், நியாயமானதுதான். "இப்போதைய கார்கள் தானே கற்றுக்கொள்ளும். நேர் ரோட்டில் சீராகப் போகும்போது நாலு சக்கரத்தையும் ஒப்பிட்டுச் சின்ன வித்தியாசத்தைக் கழித்துவிடும்." ஆமாம், கழிக்கும். தேய்ந்த டயர், காற்றுக் குறைந்த டயர் எல்லாம் வரும் என்று தெரிந்துதானே செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சலுகை தேய்மானத்துக்காகக் கொடுத்தது. அதை முதல் நாளே லுக்குக்காகச் செலவழித்துவிட்டால், பின்டயர் பட்டன் தேயும்போது எதை வைத்துச் சமாளிக்கும்? பின்சக்கர இழுவை காரில் பின்டயர்தான் முதலில் தேயும். 8 மி.மீ. பட்டன் 3 மி.மீ. ஆனாலே விட்டத்தில் 10 மி.மீ. போச்சு, அதாவது ஒன்றரை சதவீதம்.

நாலு சக்கர இழுவை கார்களில் இது கம்ப்யூட்டரோடு நிற்காது, இரும்பையும் தின்னும். 1989-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் சாதாரணமாகப் பின்சக்கர கார். பின்னால் வேகமாகச் சுற்றுவது தெரிந்தால் ஒரு கிளட்ச் வழியாக முன்னுக்கும் சக்தி அனுப்பும். பின்டயர் சின்னது என்றால்? அந்த கிளட்ச் நேர் ரோட்டிலும் உரசிச் சூடாகிக்கொண்டே இருக்கும். சுபாரு தன் நாலு சக்கர இழுவை கார்களுக்கு, நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பட்டன் ஆழத்தில் கணக்குப் போட்டால் அது வெறும் 1 மி.மீ. ஒரு டயர் வெடித்து ஒன்று மட்டும் புதிதாக வாங்கினால், புது டயரைச் சீவி மற்ற மூன்றின் அளவுக்குக் கொண்டுவந்து தருகிற கடைகளே அமெரிக்காவில் இருக்கின்றன. புது டயரைக் காசு கொடுத்துச் சீவுவதா என்று முதலில் சிரிப்பு வரும். கியர்பாக்ஸ் பில்லைப் பார்த்தால் வராது.

தப்பு ஓட்டுகிறவர் மேல் மட்டும் இல்லை. டயரில் எழுதியிருக்கிற அளவு ஒரு பெயர்தான். ஒரே எண் அச்சடித்த இரண்டு கம்பெனி டயர்கள் ஒரு சதவீதம் வரை மாறுவது சகஜம். உண்மையில் ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண்ணை அமெரிக்காவில் டயர் கம்பெனிகள் வெளியிடுகின்றன, ஆனால் டயர் மேல் அல்ல, தேடிப் பிடிக்க வேண்டிய அட்டவணையில். ஐரோப்பாவில் 2012 முதல் டயருக்கு லேபிள் கட்டாயம். ஈரத்தில் பிடி, எரிபொருள், சத்தம் எல்லாம் அதில் உண்டு, சுற்றளவு இல்லை. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லா புது கார்களிலும் ஈஎஸ்பி வகை கருவி கட்டாயம். அந்தக் கருவி முழுக்க முழுக்க நம்பியிருக்கிற ஒரே எண்ணை டயரில் அச்சிட மட்டும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கார் கம்பெனிகள் பங்குக்கு, 'நாங்கள் சொன்ன அளவு மட்டுமே போடவும்' என்று கையேட்டில் ஒரு வரி போட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. முன்-பின் விகிதம் இவ்வளவு, இத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று ஒரே ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அந்த எண் இல்லாமல் கம்ப்யூட்டர் புரோகிராமே எழுதியிருக்க முடியாது, ஆக அது அவர்களிடம் கண்டிப்பாக இருக்கிறது.

அதுவரைக்கும் சாக்பீஸ்தான் கதி. சமதளமான இடம், நாலு டயரிலும் சரியான காற்று, உள்ளே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். டயரும் தரையும் தொடுகிற இடத்தில் இரண்டிலும் கோடு போட்டு, காரை நேராகத் தள்ளி, சரியாக 5 சுற்று ஆனதும் தரையில் மறுபடி கோடு போட்டு அளக்கவும். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. ஒழுங்கான சி5 என்றால் பின்சக்கரம் சுமார் 38 செ.மீ. அதிகம் போயிருக்கும். அந்த 275/35 போட்ட கார் என்றால் பின்சக்கரம் 4 செ.மீ. குறைவாகப் போயிருக்கும். சி5 எல்லாம் இப்போது இருபது வயதைத் தாண்டிய செகண்ட் ஹேண்ட் கார்கள், எத்தனை கை மாறி எத்தனை டயர் மாறியதோ. வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தம் கேட்பதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம், பத்து நிமிஷம்கூட ஆகாது.