லீவுக்குப் புறப்படும் வீட்டில் நாய்க்கு என்ன ஏற்பாடு?

ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்ததும் தில்லை நகர் கிராஸ் தெருக்கள் காலியாக ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலுக்குப் பயந்து ஒரு வீடு கொடைக்கானல் போகும், ஒரு வீடு ஏற்காடு போகும், இன்னொரு வீடு பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகும். புறப்படுவதற்கு முன் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பால்காரரிடம் சொல்லியாயிற்று, பேப்பர்காரரிடம் சொல்லியாயிற்று, கேஸ் மூடியாயிற்று, நகைகள் லாக்கருக்குப் போயாயிற்று. துளசிக்கும் ரோஜாவுக்கும் தண்ணீர் விட வேலைக்காரம்மாவிடம் சாவி கொடுத்தாயிற்று. நாயைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒரே வரியில் பதில் வரும்: "சோறு வைக்க ஆள் சொல்லியிருக்கோம்."

இந்த ஒரு வரி போதாது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து கிராஸில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு பிள்ளைகள். அவர்கள் வீட்டு நாய்க்கு ஒன்பது வயது. லாப்ரடார் சாயலும் இருக்கும், நாட்டு நாய் சாயலும் இருக்கும். பேர் ஜிம்மி. காலை வாக்கிங் போகிற எங்களில் பலருக்கு அது பழக்கம். கிரில் கேட்டுக்குள் நின்றபடி வாலை ஆட்டும், குரைக்காது. அந்த வீட்டுச் சின்னப் பையன் தவழ்ந்த காலத்தில் அவன் கூடவே நடந்து காவல் காத்தது என்று அவன் பாட்டி சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

ஒரு மே மாதம் அவர்கள் எட்டு நாள் சுற்றுலா போனார்கள். ஜிம்மிக்கு இரண்டு வேளை தயிர் சாதம் வைக்கவும் தண்ணீர் மாற்றவும் தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தார்கள். அவர் நேர்மையான மனிதர். ஒரு வேளைகூடத் தவறாமல் வந்து வைத்தார். மூன்றாவது நாளே ஜிம்மி சாப்பாட்டைத் தொடவில்லை. "வீட்டுக்காரங்களைக் காணோம்னு ஏங்குது" என்று அவர் நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான்காம் நாளும் சாப்பிடவில்லை. போன் பண்ணலாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சந்தோஷமாக ஊர் சுற்றப் போனவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம் வந்ததைப் பார்த்த பிறகுதான் போன் செய்தார். அவர்கள் மலையிலிருந்து காரில் இறங்கி வருவதற்குள் ஜிம்மி போய்விட்டது. உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து அந்தச் சின்னப் பையனைத் தெருவில் பார்த்தேன். "தாத்தா, ஜிம்மி எங்களைத் தேடியிருக்குமா?" என்று கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "தேடியிருக்கும்டா" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்தக் குடும்பம் ஈவிரக்கம் இல்லாதது அல்ல. இஸ்திரிக்காரர் சொன்ன வேலையைச் செய்தார். ஒவ்வொருவரும் தங்கள் அளவில் சரியாகத்தான் இருந்தார்கள். ஏற்பாட்டில்தான் ஓட்டை. சோற்றுக்குச் சொல்லியிருந்தார்கள், நோய்க்குச் சொல்லவில்லை. சாப்பிடாவிட்டால் எத்தனை வேளைக்குப் பிறகு சொல்ல வேண்டும், எந்த டாக்டரிடம் போக வேண்டும், ஆட்டோவுக்கும் ஊசிக்கும் யார் பணம் கொடுப்பது என்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. தாமாக முடிவெடுத்து நாயை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அடுத்தவர் வீட்டு நாயை அப்படித் தொட அவர் தயங்கியதில் தப்பே இல்லை.

திருச்சி வெயில் நமக்கே தாங்கவில்லை. நாய்க்கு இன்னும் கஷ்டம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தின் அடியில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நமக்கு 98.6 டிகிரி என்றால் அதற்கு இயல்பான சூடே 101 முதல் 102.5 வரை இருக்கும். 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மதியம் சிமெண்ட் தரையில், தகரக் கூரையின் கீழ், ஒரு கிண்ணம் வெந்நீராகிப்போன தண்ணீரோடு கட்டிப்போட்டிருந்தால் ஒரே நாளில் விபரீதம் நடந்துவிடலாம். வயதான நாய், குண்டு நாய், மூக்கு சப்பையாக இருக்கும் பக் ஜாதி நாய் இவற்றுக்கெல்லாம் இரட்டிப்பு ஆபத்து.

அடுத்தது உண்ணி. வெயில் காலத்தில் உண்ணி பெருகும். அது கடிப்பதால் பரவும் எர்லிச்சியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். முதல் அறிகுறி காய்ச்சலும் சாப்பிடாமல் சுருண்டு படுப்பதும்தான். ஆட்கள் ஊரில் இல்லாத வீட்டில் இதைப் பார்க்கிறவர்கள் ஏக்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகக்கூடிய நோய் இது. நாள் தள்ளினால் கைமீறிப் போய்விடும். அதனால் கூட இருந்து பார்க்கிற கண் வேண்டும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் வந்து சோறு வைத்துவிட்டுப் போகிறவருக்கு அந்தக் கண் இருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் என்ன செய்வது? "நாய் இருக்குன்னா மனுஷன் எங்கேயுமே போகக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வருஷம் முழுக்க உழைக்கிறவர்களுக்குப் பத்து நாள் ஓய்வு வேண்டும். குழந்தைகளுக்கு மலையும் அருவியும் பார்க்க ஆசை இருக்கும். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் போடுவதற்கு முன்பே நாயின் ஏற்பாட்டை முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ரயில், ஓட்டல், கார் எல்லாம் முடிந்து, புறப்படுவதற்கு முதல் நாள் இரவுதான் நாயின் ஞாபகம் வருகிறது.

கூட அழைத்துப் போக வழி இல்லாமல் இல்லை. ரயிலில் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுவதுமாக நாமே எடுத்துக்கொண்டால் நாய் நம்மோடு வரலாம். தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்க்கூண்டில் பார்சல் கட்டணம் கட்டி அனுப்பலாம். ஸ்லீப்பரிலும் சாதாரண ஏசியிலும் அனுமதி கிடையாது. முதல் வகுப்பு எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. கோடையில் கூண்டில் தனியாக அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சொந்தக் காரில் போகிறவர்களுக்குச் சுலபம். ஆனால் வழியில் சாப்பிட இறங்கும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

விட்டுப் போகத்தான் வேண்டும் என்றால், வீட்டில் வந்து தங்குகிற ஒருவரைத் தேடுங்கள். உறவில் ஒரு கல்லூரிப் பையன் இருந்தால்கூடப் போதும். காசு கொடுத்து விடுதியில் விடுவதானால் முன்கூட்டியே ஒரு நாள் விட்டுப் பாருங்கள், இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போதுதான் அங்கே நிழலும் காற்றும் எப்படி என்று தெரியும். யாரிடம் விட்டாலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: டாக்டர் பேர், போன் நம்பர், நாய்க்கு ஏற்கெனவே உள்ள நோய், கொடுக்கும் மருந்து. அதோடு இரண்டாயிரம் ரூபாயைக் கையில் வைத்து, "ரெண்டு வேளை சாப்பிடலைன்னா எங்களைக் கேட்காமலே டாக்டர்கிட்ட கொண்டு போயிடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட போன் பண்ணுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. இந்த ஒரு சொல் இருந்திருந்தால் ஜிம்மி பிழைத்திருக்கலாம்.

ரத்தன் டாடாவைப் பற்றி ஒரு செய்தி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 2018 பிப்ரவரியில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் அன்றைய இளவரசர் சார்லஸ் அவருக்கு ஒரு விருது கொடுப்பதாக இருந்தது. டாங்கோ, டிட்டோ என்ற அவருடைய நாய்களில் ஒன்றுக்கு உடம்பு மிகவும் முடியாமல் போனதால் அதை விட்டுவிட்டு வர முடியாது என்று அவர் பயணத்தையே ரத்து செய்துவிட்டார். விழாவுக்காக லண்டன் போயிருந்த அவருடைய நண்பர் சுஹேல் சேத் இதைச் சொல்லியிருக்கிறார். டாடாவிடம் ஆள் இல்லையா, பணம் இல்லையா? பத்து டாக்டர்களை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. நாம் எல்லோரும் டாடா ஆக முடியாது. ஆனால் சீக்கில் இருக்கும் நாயை விட்டுவிட்டுச் சுற்றுலா போவதில்லை என்ற அளவுக்காவது அவரைப் பின்பற்றலாம்.

என் வயதுக்காரர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் அந்த "ஆள்" நாம்தான். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளோடு டூர் போகும்போது நாயைக் கொண்டுவந்து அம்மா அப்பாவிடம் விட்டுவிடுகிறார்கள். சிலர் வெளிநாட்டுக்குப் போகும்போது ஒரேயடியாகவே விட்டுவிட்டுப் போகிறார்கள். பேரக்குழந்தை ஆசைப்பட்டு வாங்கிய முப்பது கிலோ நாயை எழுபத்தைந்து வயதுப் பாட்டி சங்கிலியில் பிடித்துக்கொண்டு போகிறார். ஒரு பூனையைக் கண்டு அது இழுத்தால் இடுப்பு எலும்பு போய்விடும். பாசத்தால் நாம் மறுப்பதில்லை. முடியாதபோது முடியாது என்று சொல்லிவிடுவதுதான் நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது. "நடக்கக் கூட்டிப் போக ஒரு ஆளைப் போட்டுக் கொடு, பார்த்துக்கிறேன்" என்று சொல்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

வைத்துக்கொள்ள முடியாமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், பசியிலும் தாகத்திலும் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று இருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் காபி குடித்தால் ஆகிற காசு. சட்டத்தை நம்பி அந்த ஜீவன்கள் இல்லை. நம் மனசாட்சியை நம்பித்தான் இருக்கின்றன.

கடைசியாக, இழந்தபின் நடப்பதைப் பற்றி. "நாய்தானே, இதுக்குப் போய் இவ்வளவு அழுகையா?" என்று ஜிம்மி வீட்டில் துக்கம் கேட்க வந்த ஒருவரே சொன்னார். நாய்க்காக வருந்துவது புதுசாக வந்த நாகரிகம் என்று அவர் நினைக்கிறார் போலும். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. தொறுப் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும், கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த எத்தனையோ லட்சம் மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரிகிறது. பக்கத்தில் புதுச்சேரியில் 2022 நவம்பர் 30 அன்று மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்ததே, ஊரே திரண்டு வந்து அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம் அல்லவா? யாரும் யானைதானே என்று சொல்லவில்லை.

ஆகவே அழுகிறவர்களை அழ விடுங்கள். குழந்தைகளிடம் "பண்ணைக்கு அனுப்பிட்டோம்", "தொலைஞ்சு போச்சு" என்று கதை கட்டாதீர்கள். தொலைந்தது என்று சொன்னால் அது தினமும் கேட்டில் நின்று தேடும். செத்துப்போய்விட்டது என்று சொல்லி, புதைக்கும் இடத்தில் ஒரு பிடி மண் போடச் சொல்லுங்கள். ஒரு குழந்தை மரணத்தை முதன்முதலாகத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான். நாளைக்குத் தாத்தா பாட்டிக்கும் இது வரும் அல்லவா? இன்னொன்று, அடுத்த வாரமே புதுக் குட்டியை வாங்கி வந்து "இதுதான் இனி ஜிம்மி" என்று சொல்லாதீர்கள். போனதும் வந்ததும் வேறு வேறு என்பது குழந்தைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அந்தக் குடும்பம் இன்னும் வேறு நாய் வாங்கவில்லை. போன வருஷம் பையன் கேட்டானாம். "முதல்ல நாம ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்கன்னு முடிவு பண்ணுவோம், அப்புறம் வாங்கலாம்" என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். சரியான வரிசை அதுதான். வரும் கோடைக்கு நீங்களோ உங்கள் பிள்ளைகளோ டிக்கெட் போட உட்காரும்போது, வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கில் அந்த நாலுகால் பேர்வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.