ரிப்போர்ட்டில் ‘ஜீரோ’ என்றால் கோழி வயிற்றில் புழுவே இல்லையா?

பெங்களூருவில் ஐ.டி. வேலை, சொந்த ஊரில் அப்பா பார்த்துக்கொள்ளும் 200 நாட்டுக்கோழி. இப்படி ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார், உங்களுக்கும் ஒருவர் இருப்பார். சில மாதங்களுக்கு முன் அவர் ஒரு லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஈ.பி.ஜி: 0. அதாவது, ஒரு கிராம் எச்சத்தில் புழு முட்டை பூஜ்ஜியம். கூடவே ஒரு கேள்வி: “புழுவே இல்லைன்னு வந்திருக்கு. அப்புறம் ஏன் கோழி இளைச்சுக்கிட்டே போகுது?”

இது அவர் ஒருவரின் தலைவலி மட்டும் இல்லை. 2019-ம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்புப்படி நாட்டில் கோழியினப் பறவைகள் 85.18 கோடி. 2012-ஐ விட 16.8% அதிகம். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். வணிகப் பண்ணைகளில் வளர்ச்சி 4.5%தான், புறக்கடை வளர்ப்பிலோ 45.8%. நாமக்கல் கூண்டுக்கோழியின் எச்சம் கம்பி வழியே கீழே விழுந்துவிடும், கோழி அதைத் திரும்பக் கொத்த வாய்ப்பு குறைவு. மண்ணில் மேயும் கோழிக்கு அந்தத் தடுப்பு கிடையாது. ஜெர்மனியில் இயற்கை முறைப் பண்ணைகளின் முட்டைக்கோழிகளை அறுத்துப் பார்த்து 2011-ல் வெளியான ஆய்வில், 99.6% கோழிகளுக்கு ஏதாவது ஒரு குடற்புழு இருந்தது.

சரி, அந்த ஜீரோ எப்படி வந்தது?

பெரும்பாலான ஆய்வகங்களில் பயன்படுவது மெக்மாஸ்டர் ஸ்லைடு. 1939-ல் ஆஸ்திரேலியாவில், ஆட்டுப் புழுக்கைக்காக உருவாக்கிய முறை. 4 கிராம் எச்சத்தை 56 மில்லி அடர் உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டுவார்கள். கரைசலைவிட முட்டை லேசானது என்பதால் மேலே மிதக்கும். தலா 0.15 மில்லி பிடிக்கும் இரண்டு அறைகளில் அதை நிரப்பி, மைக்ராஸ்கோப்பில் எண்ணி, வந்த எண்ணை 50-ஆல் பெருக்குவார்கள்.

ஏன் 50? கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அறையிலும் சேர்த்து நாம் உண்மையில் பார்ப்பது 0.02 கிராம் எச்சம். அவ்வளவுதான். எச்சத்தில் நிஜமாகவே கிராமுக்கு 30 முட்டை இருந்தாலும், அந்த 0.02 கிராமில் சராசரியாக 0.6 முட்டைதான் இருக்கும். நன்றாகக் கலக்கியிருந்தாலும்கூட, கண்ணில் ஒரு முட்டையும் படாமல் போக 55% வாய்ப்பு உண்டு. நாணயம் சுண்டிப் போடுவதைவிட மோசம்!

இத்தாலியின் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான மினி ஃப்ளோடாக் கருவியில் 2 மில்லி பார்க்கலாம். பத்து மடங்கு நீர்த்தால், ஒரு முட்டைக்கு 5 என்று கணக்கு. அதே 30 முட்டை எச்சத்தில் ஜீரோ வர வாய்ப்பு 400-ல் ஒன்றுக்கும் குறைவு. சென்ட்ரிஃபியூஜ்கூடத் தேவையில்லை.

ஆனால் எவ்வளவு நல்ல கருவியும் எச்சத்தில் இல்லாத முட்டையை எண்ணாது. கோழியின் பெரிய உருண்டைப்புழுவான அஸ்காரிடியா காலி, உள்ளே போய் முட்டை இடத் தொடங்கவே ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை இளம்புழு குடல் சுவரைச் சேதப்படுத்தும், ரிப்போர்ட் ஜீரோ என்றே சொல்லும். ஹெடராகிஸ் என்ற சின்னப் புழு இருப்பது சீக்கம் என்னும் இரட்டைப் பைகளில். கோழி இரண்டு வகை எச்சம் போடும் என்பது எனக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரிந்தது. சாதாரண எச்சம் ஒன்று, சீக்கத்திலிருந்து எப்போதாவது வரும் பசை போன்ற எச்சம் இன்னொன்று. எதை எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். போதாக்குறைக்கு இந்த இரண்டு புழுக்களின் முட்டையையும் மைக்ராஸ்கோப்பில் பிரித்தறிவது கஷ்டம், அதற்கு பி.சி.ஆர். வேண்டும்.

இன்னொரு சிக்கல் சராசரி. ஒரு பண்ணையின் புழுக்கள் எல்லாக் கோழிகளுக்கும் சமமாகப் பங்கு பிரிந்திருக்காது. பெரும்பகுதியை ஒரு சில கோழிகளே சுமக்கும். இரண்டு மூன்று எச்சத்தை அள்ளிக்கொண்டு போனால், அந்தச் சிலவற்றைத் தவறவிடவே வாய்ப்பு அதிகம்.

ரத்தக் கழிச்சலில் எண்ணிக்கை வேறு மாதிரி ஏமாற்றும். அதற்குக் காரணமான ஐமீரியா ஒட்டுண்ணியில் காலங்காலமாகச் சொல்லப்படும் ஏழு இனங்கள் உண்டு. சில இனங்கள் ஏராளமாக ஊசிஸ்ட் வெளியேற்றினாலும் பெரிய சேதம் செய்யாது. ஐமீரியா டெனெல்லாவோ ஊசிஸ்ட் எச்சத்தில் தெரியும் முன்பே ரத்தம் வரவைத்துவிடும். அதனால்தான் 1970 முதல் குடலைத் திறந்து, புண்ணுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை நடைமுறையில் இருக்கிறது. இந்த நோயால் உலகம் ஆண்டுக்கு இழப்பது சுமார் 1,036 கோடி பவுண்டு என்று 2020-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. இந்தியத் தரவும் சேர்ந்த கணக்கு அது.

நண்பர் கதைக்கு வருவோம். ரிப்போர்ட்டுக்கு முன்பே அவர் அப்பா இரண்டு தடவை பைபரசின் கொடுத்திருந்தார். கடைக்காரர் கொடுத்ததாம். அடுத்து ஒரு கோழி செத்தபோது, அதைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். சிறுகுடலைத் திறந்ததும் நாடாப்புழு. அது பெரும்பாலும் முட்டையைத் தனித்தனியாக விடாது, துண்டு துண்டாகக் கழன்று விழும். மிதக்கவைத்து எண்ணும் முறையில் சுலபமாகத் தப்பிவிடும். பைபரசின் உருண்டைப்புழுவுக்கான மருந்து, நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. கோழிக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது எறும்பும் வண்டும்.

இப்போது மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இந்தத் தடவை, கொடுப்பதற்கு முன்னும் இரண்டு வாரம் கழித்தும் எச்சத்தில் வெள்ளைத் துண்டு தெரிகிறதா என்று அப்பா காலையில் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதி வைக்கிறார்.