தேறலும் கண்ணாடி அலுமாரியும்

கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் பண்டிதன் ஒருவன் மதுவைப் பேணுமாறு பற்றி எழுதலாமோ என்று அன்பர் சிலர் புருவம் நெரிப்பர். எழுதலாம் என்பதே என் துணிபு. குடிப்பதும் விடுப்பதும் அவரவர் பொறுப்பு. பிறர் அன்போடு கொணர்ந்த பொருளை அறியாமையாற் கெடுப்பது எவ்வறத்தின்பாற் படும்?

கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகள் பலவற்றில் நான் காணும் காட்சி இது. பாரிசிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மகன் கொணர்ந்த சாம்பேன் போத்தல், கண்ணாடி அலுமாரியிலே, குத்துவிளக்குக்கும் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவே, மின்விளக்கின் ஒளியில் நின்றுகொண்டிருக்கும். பேத்தியின் திருமணத்துக்குத் திறப்போம் என்பர். பேத்தியோ இன்னும் பாலர் வகுப்பில் இருப்பாள்! மது பழகப் பழகச் சிறக்கும் என்று எங்கோ கேட்டதை எல்லா மதுவுக்கும் பொருத்திவிட்டனர்.

நம் முன்னோர் இத்துறையில் நம்மினும் தெளிவுடையர். ‘தேறல்’ என்னும் சொல்லையே நோக்குக. தேறுதலாவது தெளிதல், மண்டி கீழே தங்க, மேலே தெளிந்து நிற்பது தேறல். சாம்பேன் செய்வோர் போத்தலைத் தலைகீழாய்ச் சாய்த்துச் சிறிது சிறிதாய்த் திருப்பி, மண்டியைக் கழுத்தில் இறக்கி அகற்றுவதும் இத்தெளிவின் பொருட்டே. வகுப்பில் இச்சொல் வரும்போது ‘கள்’ என்று கூறி விரைந்து கடக்கும் ஆசிரியர் நம்முள் மிகுதி. அவர் நோக்கம் நன்று, இழப்போ பெரிது. பாரியின் நாட்டைப் பாடிய கபிலர், தேறலை நிலத்திற் புதைத்து முதிர்வித்ததைக் குறிக்கின்றார். திருமுருகாற்றுப்படையிற் குறவர் தேனாலாகிய தேறலை நெடிய மூங்கிற் குழாயில் விளைவிக்கின்றனர். மண்ணுக்குள் வெயில் புகாது. மூங்கிலுக்குள் ஒளி புகாது. இதனை விளக்காது பாட்டை எங்ஙனம் விளக்குவது? யவனர் மதுவை நக்கீரர் பாடியது வெறுங் கற்பனையன்று என்பதற்கு, 1945இல் அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் சான்று.

யாழ்ப்பாணத்தார்க்கும் இக்கணக்குப் புதிதன்று. முட்டியிற் சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள், நாள் கடந்தாற் புளிப்பு.

சாம்பேனுக்கு ஏற்ற வெப்பம் 10 முதல் 15 பாகை. கொழும்பிலோ பிற்பகலில் 30 பாகை எளிதில் எட்டும், நிலவறையும் நமக்கில்லை. போத்தலுள் அடைபட்ட வாயுவின் அழுத்தமோ ஏறக்குறைய 6 வளிமண்டலம். மோட்டார் வண்டிச் சக்கரத்துக் காற்றழுத்தத்தின் இருமடங்குக்கு மேல். வெப்பம் ஏற ஏற அவ்வழுத்தமும் ஏறும்; ஒளி பட்டால் மணம் கெடும். ஆகவே மேற்குச் சுவரும் அடுக்களையும் ஆகா. உள்ளறையில், மர அலுமாரியின் அடித்தட்டில், துணியிற் பொதிந்து வைப்பதே தக்கது. நிறுத்துவதா கிடத்துவதா என்று வாதிடுவோர் உளர். சில மாதங்களே வைப்பவர்க்கு இரண்டும் ஒன்றே. பிரான்சின் விதிப்படி சாதாரணச் சாம்பேன் 15 மாதங்களேனும் அங்கேயே முதிர்ந்த பின்னர்தான் விற்பனைக்கு வரும். அதனை இங்கே மேலும் முதிர்விக்க முயல்வது வீண். பேத்தியின் திருமணத்துக்கு அன்று, வருகின்ற தைப்பொங்கலுக்குள் திறந்துவிடுங்கள்.

திறக்குமுன் சில கிழமை குளிர்சாதனப் பெட்டியில் இருக்கலாம். ஓயாது ஆடும் கதவுத் தட்டில் வேண்டாம். பனிக்கட்டி உறையும் அறையில் வைத்து மறந்தாற் போத்தல் வெடிக்கவுங்கூடும். திறந்தபின் எஞ்சியதன் வாயிற் கரண்டிக் காம்பைச் செருகினால் நுரை நிற்கும் என்று ஐரோப்பாவிலும் பலர் நம்புகின்றனர். சோதித்தோர் அதனாற் பயனில்லை எனக் கண்டனர். இறுகப் பொருந்தும் மூடியிட்டுக் குளிரில் வைத்தால் ஓரிரு நாள் தாங்கும்.