வேளச்சேரி பொது ஒதுக்கீட்டு நிலத்தில் மழைநீர் தேக்கும் பூங்கா அமைக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி.

பொருள்: பூங்கா அமைக்கும் முன் நிலமட்டத்தையும் நீரோட்டத்தையும் திட்டமிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. அங்கே வேலி, ஊஞ்சல், பேவர் பிளாக் நடைபாதைக்கு மதிப்பீடு போடும் முன்னர், அந்த நிலம் மழைக்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்யுமாறு வேண்டுகிறோம்.

2015 பெருமழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி நாள்கணக்கில் நீரில் நின்றதைத் தாங்கள் அறிவீர்கள். இங்கு விழும் மழை பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடல் சேர வேண்டும். 2022-ல் ராம்சார் ஈரநிலத் தகுதி பெற்ற அந்தச் சதுப்பு நிலமோ பழைய பரப்பில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அது நிரம்பிவிட்டால், வடிகாலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பெய்த இடத்திலேயே சில மணி நேரமாவது நீரை நிறுத்தியாக வேண்டும்.

ஆகவே பூங்காவின் நடுப்பகுதியைத் தெருமட்டத்தைவிடத் தாழ்த்தித் தாருங்கள். ஒரு ஏக்கரை ஓரடி தாழ்த்தினாலே 12 லட்சம் லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். கோடையில் அதுவே பிள்ளைகளின் விளையாட்டுத் திடல். களிமண்ணில் நீர் எளிதில் இறங்காது. எனவே முதலில் மண் பரிசோதனை செய்து, தேவைப்படும் இடங்களில் மட்டும் உறைகிணறு இறக்க வேண்டும். கொசு பெருகாதிருக்க, மூன்று நாளில் நீர் முழுதும் வடியும்படி மதகும் தேவை.

வர்தா புயலில் மயில்கொன்றைகள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே அவற்றைத் தவிர்த்து, புங்கை, பூவரசு, நாவல், நீர்மருது நடுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூச வேண்டாம். வெயிலில் அலையும் தூய்மைப் பணியாளரும் உணவு விநியோகிக்கும் இளைஞரும் உட்கார நிழலும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். நண்பகலில் கேட்டைப் பூட்டக் கூடாது.

இவற்றை ஒப்பந்தப்புள்ளி கோரிய பின் சேர்க்க முடியாது. அதற்கு முன்பே நிலவடிவமைப்பு வல்லுநர் ஒருவரை நியமித்து, வரைபடத்தை எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்து, பெண்கள், முதியோர் கருத்தையும் கேட்டு இறுதி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்வேலையையாவது முடித்துத் தர ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்