தேவாலயத்தின் முகமும் மூன்றாவது பத்தியும்

ஆகஸ்ட் 10-ஆம் தேதியை இந்தியத் திருச்சபைகள் பல ஆண்டுகளாகக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகின்றன. 1950-ஆம் ஆண்டு அதே நாளில் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்திதான், தீண்டாமையின் சுமையைத் தாங்கிய சாதிகளில் பிறந்தவர்களையும் சமயத்தைக் காட்டிப் பட்டியல் சாதியினர் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியர் அனைவருக்கும், 1990-இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கப்படவில்லை.

தலித் கிறிஸ்தவர்களின் கோரிக்கை நியாயமானது. இதை எழுதுபவனும் கிறிஸ்தவன்தான். ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவன். ஆயினும், நாடாளுமன்றச் செய்திகளை நெடுநாளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இக்கோரிக்கைக்கான தடை அமைச்சகக் கோப்புகளில் மட்டும் இல்லை. திருச்சபை தன்னைப் பற்றித் தலைநகரில் வரைந்து காட்டும் சித்திரத்திலும் அது இருக்கிறது.

அந்தச் சித்திரம் எல்லோருக்கும் தெரிந்ததே. நல்ல பள்ளிக்கூடம், நல்ல மருத்துவமனை, ஒழுங்கான வரிசை, இனிய இசை. கட்சி வேறுபாடின்றி தலைவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் கேட்டு வந்து நிற்கும் வாயில். 2023-ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் பிரதமர் தில்லி திரு இருதயப் பேராலயத்துக்கு வந்தார். 2024 டிசம்பரில் ஆயர் பேரவையின் கிறிஸ்துமஸ் விழாவிலும் கலந்துகொண்டார். நாட்டின் பிரதமர் வருவதும் அவரை வரவேற்பதும் முறையே. ஆனால் அத்தகைய மேடைகளில் திருச்சபை ஒரு சேவை நிறுவனமாகக் காட்சி தருகிறதே தவிர, பெரும்பான்மையும் ஏழைகளும் ஒடுக்கப்பட்டவர்களுமான ஒரு மக்கள் கூட்டமாகக் காட்சி தருவதில்லை.

தில்லி தேவாலயங்களில் ஆங்கிலப் பூசை ஒரு நேரம், இந்திப் பூசை வேறொரு நேரம். ஆங்கிலப் பூசைக்குக் கோவாக்காரர்களும் மலையாளிகளும் தமிழர்களும் காரில் வருகிறார்கள். இந்திப் பூசைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வீட்டு வேலைக்கு வந்த ஆதிவாசிப் பெண்கள் பேருந்தில் வருகிறார்கள். மொழி வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. யாரும் திட்டமிட்டுப் பிரிக்கவில்லை. என்றாலும், ஒரே பலிபீடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரு கூட்டங்கள் வாயிலில் மட்டும் எதிரெதிராகக் கடந்து செல்கின்றன. திருச்சபையின் சார்பில் அமைச்சர்களைச் சந்திக்கச் செல்லும் குழுக்களில் இரண்டாவது கூட்டத்தைக் காண்பது அரிது.

இந்த முக அலங்காரத்துக்கும் 1950 ஆணைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்ற தொழிலாளியின் வழக்கை நினைவுகூர்ந்தால் போதும். இந்துக்களான செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை, ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பின்னரும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, சாதியால் வரும் கொடுமைகள் புதிய சமயத்திலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதை நிறுவ வேண்டும், அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆதாரம் யாரிடம் இருக்கிறது? ஞானஸ்நானப் பதிவேடும், கல்லறைப் பதிவேடும், பங்குப் பேரவை உறுப்பினர் பட்டியலும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடம்தான் இருக்கிறது. எந்த ஊரில் கல்லறையின் நடுவே சுவர் நிற்கிறது, எந்தத் தெருவுக்குத் தேர் வருவதில்லை, குருமடத்தில் எந்தச் சமூகத்துப் பையன்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் மறைமாவட்ட அலுவலகங்களுக்குத் தெரியாத செய்திகள் அல்ல.

நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மூன்றாவது பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினர் செயலரே இதில் மாறுபட்டு எழுதினார். அறிக்கை 2009 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த அறிக்கை உடன் இல்லை. காங்கிரஸ் கூட்டணி அரசு அத்துடன் அதை மறந்தது. 2022 நவம்பரில் மத்திய பா.ஜ.க. அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், கிறிஸ்தவ, இஸ்லாமியச் சமுதாயங்களில் அத்தகைய ஒடுக்குமுறை நிலவியதே இல்லை என்ற பொருளில் வாதிட்டது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று திருச்சபையின் பிரசங்க மேடைகளில் கேட்டுப் பழகிய வாக்கியத்தையே அரசு வழக்கறிஞர் திருப்பிச் சொன்னார் எனலாம்.

திருச்சபை இதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை என்பது சரியன்று. 2003-இல் தமிழக ஆயர்கள் ரோமுக்குச் சென்றபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், சுமார் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், ஆயர்களில் தலித்துகள் 12 பேர் மட்டுமே என்றும் தானே கூறியது. நாட்டின் முதல் தலித் கர்தினாலாக ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022-இல் நியமிக்கப்பட்டார். 2013 டிசம்பரில் தலித் கிறிஸ்தவர்களுடன் நாடாளுமன்றம் நோக்கிப் புறப்பட்ட ஆயர்கள் மீது தில்லி போலீஸார் தண்ணீர் பீய்ச்சினர். பேராயர் அனில் கூட்டோ காவலில் வைக்கப்பட்டார். நனைந்த அங்கியோடு நின்ற அந்தத் திருச்சபையைத் தலைநகரம் மறுபடி அதிகம் பார்க்கவில்லை.

ஆயர்களுக்கு நாடாளுமன்றத்தில் பேசத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா வந்தபோது, கேரள ஆயர் பேரவை அம்மாநில எம்.பி.க்களுக்கு மிகத் தெளிவான வேண்டுகோள் விடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் இரு கன்னியாஸ்திரிகள் கைது செய்யப்பட்டபோது, எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நாடாளுமன்ற வளாகத்தில் முழக்கமிட்டனர். அந்தக் கைது அநியாயமானது, எதிர்ப்பு சரியானது. ஆனால் அன்று அவர்களுடன் இருந்த மூன்று ஆதிவாசிப் பெண்கள் தாங்கள் விரும்பியே சென்றதாகவும், தாங்கள் தாக்கப்பட்டதாகவும் கூறியது எத்தனை பேர் காதில் விழுந்தது?

சாதி பற்றிப் பேசினால் மதமாற்ற எதிர்ப்பாளர்களுக்கு அது ஆயுதமாகிவிடும் என்பது திருச்சபைத் தலைவர்கள் தனிப்பேச்சில் சொல்லும் காரணம். சமத்துவம் என்று சொல்லித்தானே அழைத்தீர்கள், இப்போது அதே சாதியின் பெயரால் சலுகை கேட்கலாமா என்பார்கள் என்ற அச்சம். ஆனால் அவர்கள் அதை ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. தேவாலயம் தன் கடமையில் தவறியது உண்மை. அதே நேரத்தில், தேவாலயத்துக்கு வெளியே உள்ள தெருவும் தேநீர்க் கடையும் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்து நடத்துவதில்லை. ஒடிசாவின் கந்தமாலில் கந்தா பழங்குடியினர் கிறிஸ்தவரானாலும் பழங்குடியினராகவே நீடிக்கின்றனர். அடுத்த வீட்டுப் பாணோ சமூகத்தவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமையை இழக்கின்றனர். 2008 வன்முறையில் அவ்விரு தரப்புக் கிறிஸ்தவர்களின் வீடுகளும்தான் எரிந்தன.

புதியவர்கள் சேர்ந்தால் இந்துத் தலித்துகளின் பங்கு குறையும் என்ற கவலையும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. ஒதுக்கீட்டின் அளவை உயர்த்தாமல் பட்டியலை மட்டும் நீட்டினால் ஏழைகளுக்குள் பகைதான் மூளும். இதைப் பற்றித் திருச்சபை தெளிவாகப் பேசியாக வேண்டும்.

2022 அக்டோபரில் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதே கேள்விக்காக மத்திய அரசு ஒரு ஆணையத்தை அமைத்தது. அதன் காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானங்களும் கண்டன நாள்களும் நீதிமன்றத்தில் சாட்சியமாகா. பதிவேடுகள் ஆகும். ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் கல்லறைகளையும் நிர்வாகப் பொறுப்புகளையும் கணக்கெடுத்து, அவமானம் தரும் விவரங்களோடு வெளியிடலாம்.

அப்படிச் செய்யாத இடத்தில் மக்களே நீதிமன்றம் செல்கிறார்கள். கும்பகோணம் மறைமாவட்டத்துக்கு உட்பட்ட கோட்டப்பாளையம் பங்கின் தலித் கிறிஸ்தவர்கள், தங்கள் தேவாலயத்திலேயே ஒதுக்கப்படுவதாகத் தொடர்ந்த வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. மூன்றாவது பத்தியை நீக்கக் கோரும் திருச்சபை, அந்த வழக்கில் பாகுபாடே இல்லை என்று பதில் மனு தாக்கல் செய்யுமா, இருக்கிறது என்று சொல்லுமா என்பதைத் தில்லியில் உள்ள அரசு வழக்கறிஞர்களும் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.